கீழ்க்கண்ட எண்

பிரஸ்ஸில் புரூப் பார்க்கிற தங்கச்சாமிக்குச் சிவகாசியில் ஒரு பேர் உண்டு என்றால், அது அவர் விட்ட தப்பால் வந்த பேர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பிடித்த தப்புகளை எண்ணி முடியாது. ஆனால் பிடித்த தப்பு அச்சில் வருவதில்லை, அதனால் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. விட்டது ஒன்றே ஒன்று. பட்டாசுக் கம்பெனி முதலாளியும் பள்ளிக்கூடத் தாளாளருமான சீனிவாசகத்தின் மணிவிழா நோட்டீசில் ‘கொடை வள்ளல்’ என்று இருக்க வேண்டியது ‘குடை வள்ளல்’ என்று வந்துவிட்டது. ஐப்பசி மாசம், நல்ல அடைமழை. மறுநாள் காலையில் முதலாளியின் பங்களா வாசலில் பதினேழு பேர் குடை வாங்க வந்து நின்றார்கள். என்ன ஏது என்று கேட்டதற்கு நோட்டீசைக் காட்டினார்கள். பதினேழு பேருக்கும் குடை கிடைத்தது என்று ஒரு கட்சி, நாயை அவிழ்த்துவிட்டார் என்று ஒரு கட்சி, இன்றைக்கு வரைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள்.

அதிலிருந்து பிரஸ்ஸில் ஒரு சட்டம். சீனிவாசகம் பேரில் எது வந்தாலும் நாலு பேர் கூடிப் பார்க்க வேண்டும். போர்மேன் பலவேசம் போட்ட சட்டம் அது. ஒருத்தர் கையெழுத்துப் பிரதியைச் சத்தம்போட்டு வாசிப்பார், மற்ற மூணு பேரும் புரூப்பில் விரலை ஊன்றிக்கொண்டு பதில் சொல்வார்கள்.

“கல்வித் தந்தை.”

“இருக்கு.”

“கொடை வள்ளல்.”

“ஒத்தக் கொம்பு, கானா, கால். இருக்கு அண்ணாச்சி.”

“இன்னொருக்கப் பாரும்வே. கால் நல்லா ஊனி நிக்கா?”

“நிக்கி, நிக்கி. நம்ம கால்தான் கடுக்கி.”

இரண்டாயிரத்து ஏழு ஏப்ரலில் ஒரு போஸ்டர் வந்தது. மாணவியர் உரிமை பற்றிப் பள்ளிக்கூடங்களில் ஒட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அச்சுச் செலவைத் தானே ஏற்பதாகச் சீனிவாசகம் முன்வந்தார். முன்வந்தவர் போஸ்டரிலும் முன்னாடியே வந்து நின்றுகொண்டார். முக்கால்வாசி இடத்தில் அவர் கும்பிட்டபடி இருந்தார். தலையைச் சுற்றிப் பதினோரு பட்டங்கள். பதினோராவது ‘பெண்கல்விக் காவலர்’, இந்தப் போஸ்டருக்கென்றே பிறந்தது. அவருடைய முழங்கைக்குக் கீழே கிடைத்த இடத்தில் சங்கதி இருந்தது: ‘பெண் என்பதால் எந்தப் பாடப்பிரிவும், வகுப்பும், வசதியும் மறுக்கப்படக் கூடாது. மறுக்கப்பட்டால் கீழ்க்கண்ட எண்ணில் தெரிவிக்கவும். தெரிவிப்பவர் பெயர் வெளியிடப்படாது.’ அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு டெலிபோன் நம்பர்.

பதினோரு பட்டத்தையும் நாலு தடவை பார்த்து முடித்தபோது மணி ஒன்றரை. மேலே தகரம், உள்ளே மிஷின் சூடு, வெளியே அக்னி நட்சத்திரத்துக்கு முந்தின வெயில். தூக்குவாளியில் கம்மங்கஞ்சி புளித்துக்கொண்டிருந்தது. தங்கச்சாமி நம்பரைப் பார்த்தார். ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ஓரத்தில் ‘ஓ.கே.’ போட்டுக் கையெழுத்தும் போட்டார். பிரதியில் கடைசி இரண்டு இலக்கம் எழுபத்துநாலு. புரூப்பில் நாற்பத்தேழு என்று நின்றது. அது அவர் கண்ணில் படவில்லை. பட்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் அவ்வளவு களைத்திருந்தது.

*

அவருடைய மகள் பொன்னுத்தங்கம் அந்த மே மாசம் பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்தெட்டு வாங்கினாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. படித்தது சீனிவாசகம் தன் தாயார் பேரில் நடத்துகிற பள்ளிக்கூடம். கேட்டது ஒன்றே ஒன்று, பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப்.

அச்சங்குளத்துக்குப் பக்கத்து ஊர் அவர்களுடையது. கரிசல் காட்டுக்கு நடுவில் பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள், ஷெட்டுகளுக்கு நடுவில் வீடுகள். மனைவி மாரித்தாய் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருப்பாள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, ஒரு உருட்டு, உருவி எறிந்தால் ஒரு குழாய். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது.

“அது என்ன குரூப்புடி, டிவிப் பொட்டி மாதிரி வச்சுக்கிட்டு?” என்றாள்.

“படிச்சா பெங்களூர்ல வேலை கிடைக்கும்மா.”

“பெங்களூரா? அங்க போயி யாருக்குடி சோறு பொங்கப் போற?”

“எனக்குத்தான். நான் திங்க மாட்டனா?”

மாரித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை மறைக்க ஒரு குழாயை எடுத்து மகள்மேல் எறிந்தாள். “வாயப் பாரு. உங்கப்பனுக்கு இல்லாத வாயெல்லாம் உனக்கு வந்திருக்கு.”

ஜூன் முதல் வாரத்தில் தங்கச்சாமி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டர் வேலுச்சாமியைப் பார்க்கப் போனார். அறை வாசலிலேயே அந்தப் போஸ்டர். சீனிவாசகம் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க தங்கச்சாமி, உக்காருங்க. யாருப்பா அங்கன, ஒரு டீ சொல்லு. பிள்ளை மார்க்கைப் பாத்தேன். நம்ம பள்ளிக்கே பெருமை.”

“கம்ப்யூட்டர் குரூப்பு கேக்குதுங்கய்யா.”

“கேக்கும். கேக்கத்தான் செய்யும். ஆனா பாருங்க, மொத்தமே பத்து மிஷினு. அதுல ஓடுறது ஆறு. ஒரு மிஷினுக்கு நாலு பேரு, தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உக்காரணும். பயலுக மத்தியில பொம்பளப் பிள்ளைய எப்படி உக்காத்தி வைக்க?”

“நாலு பொம்பளப் பிள்ளைகளா ஒரு மிஷின்ல...”

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. இது தாளாளர் உத்தரவு, பிள்ளைக பாதுகாப்பை முன்னிட்டு. மனையியல் தாரேன். நல்ல குரூப்பு, சமையல், தையல், எல்லாம் இருக்கு. கட்டிக் குடுக்கிற இடத்துல கம்ப்யூட்டரா கேக்கப் போறாக?”

மகளின் வகுப்பிலேயே படித்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கிய ஹரிஷ்குமாருக்கு அந்தக் குரூப்பில் இடம் கிடைத்திருந்தது தங்கச்சாமிக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் டீ வந்துவிட்டது.

“ஐயாவோட காலண்டர் புரூப்பு எந்த மட்டுல இருக்கு? இந்த வருஷமும் நீங்கதான் பாக்கணும்னு ஐயா சொன்னாக. அம்புட்டு நம்பிக்கை உங்க மேல.”

டீ நன்றாக இருந்தது. பிறகு எப்படி வாயைத் திறப்பது?

வீட்டுக்கு வந்து, “பாப்போம்னு சொல்லியிருக்காக” என்றார்.

“இல்லப்பா, நீங்க கேக்கலை” என்றாள் பொன்னுத்தங்கம். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. விடையைச் சரிபார்த்துச் சொல்வது மாதிரிச் சொன்னாள். “போஸ்டர்ல நம்பர் போட்டிருக்குல்லப்பா. அதுல சொல்லலாமா?”

“அதெல்லாம் சும்மா போடுறதும்மா.”

“சும்மா போடுறதுக்கு ஏம்ப்பா நாலு பேரு உக்காந்து புரூப் பாத்தீக?”

தங்கச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

அவள் யாரிடமும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் கடையில் தொங்குகிற சிவப்புப் பெட்டியில் ஒரு ரூபாயைப் போட்டுப் பேசினாள். ஒரு தடவை அல்ல, மூணு தடவை. பிறகு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், “மனையியல்ல சேர மாட்டேன் சார். புகார் சொல்லியிருக்கேன். எழுதிக்கிட்டாக. விசாரிக்க வருவாக” என்று நின்றபடிக்கே சொன்னாள்.

வேலுச்சாமி ஆடிப்போனார் என்பதுதான் உண்மை. எட்டு நாள் பள்ளிக்கூடம் திமிலோகப்பட்டது. ஓடாத நாலு மிஷினுக்கும் உறை தைத்துப் போட்டார்கள், தையல் வகுப்புப் பிள்ளைகள்தான் தைத்தார்கள். கக்கூசுக்கு வெள்ளையடித்தார்கள். பெண் பிள்ளைகள் நாலு பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, “ஜீப்பு வந்தா எல்லாரும் மவுசைப் பிடிச்சுக்கிறணும்” என்று சொல்லிக்கொடுத்தார்கள். வேலுச்சாமி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். லோடு லாரி போனது, ஆடு போனது, ஐஸ் வண்டி போனது.

ஒன்பதாம் நாள் அவருக்குத் தைரியம் வந்தது. எதிர்த்துப் பேசிய பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

வேறு பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. சாத்தூரில் இருந்தது, சிவகாசியில் இருந்தது. தங்கச்சாமி கூப்பிட்டார், பொன்னுத்தங்கம் வர மறுத்தாள்.

“நான் வேற பள்ளிக்கூடத்துல போயிச் சேந்துட்டா, விசாரிக்க வரும்போது ‘அந்தப் பிள்ளை தானாப் போயிருச்சு’ன்னு சொல்லிருவாகப்பா.”

“இன்னுமா வரப் போறாக?”

“வருவாக. போனை எடுத்த அம்மா நல்லவுகப்பா. நான் அழுதேன், கண்ணுன்னு சொன்னாக. ஆபீசுல அப்படி யாரு பேசுவா?”

ஆனிக் காற்று கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டியது. அவள் அம்மாவோடு உட்கார்ந்து குழாய் உருட்டினாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். மாரித்தாயும் தன் கையை நிறுத்துவாள். சத்தம் தாண்டிப் போனதும் இரண்டு பேரும் அடுத்த காகிதத்தை எடுப்பார்கள். ஜூன் இப்படியே போய் ஜூலையும் பாதி தாண்டியது.

*

ஒரு நாள் பலவேசம், “ஓய், இங்கன வாரும்” என்று தங்கச்சாமியைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“விருதுநகர்ல அப்துல் ஹலீம்னு ஒருத்தரு. மிளகா வத்தல் கமிஷன் கடை வச்சிருக்காரு. போஸ்டர் அடியில நம்ம பிரஸ் பேரைப் பாத்துட்டுப் பேசுதாரு. புகார் நம்பருன்னு அவரு கடை நம்பரைப் போட்டுட்டமாம்வே. ஊர்ல உள்ள பொம்பளப் பிள்ளையெல்லாம் அவருகிட்டப் பிராது சொல்லுதாம்.”

தங்கச்சாமி அந்தப் போஸ்டரின் பிரதியும் புரூப்பும் கிடந்த ஜாப் கவரைத் தேடி எடுத்தார். பிரதியில் எழுபத்துநாலு. புரூப்பில் நாற்பத்தேழு. பக்கத்தில் ‘ஓ.கே.’ என்று அவருடைய எழுத்து, முத்து முத்தாக.

“நீருதானே பாத்தீரு. நீரே போயி நயமாப் பேசிட்டு வாரும். வெளிய தெரிஞ்சா ஐயாவோட காலண்டர் ஆர்டர் போயிரும். அதோட உம்ம சோலியும் போயிரும், சொல்லிட்டேன்.”

“புது நம்பர் அடிச்சு மேல ஒட்டிருவமா அண்ணாச்சி?”

“எதுக்கு? ஆடியில ஒரு தூத்தல் விழுந்தா போஸ்டரே கிழிஞ்சிரும். பட்டமெல்லாம் சரியா இருக்கா? அது போதும்.”

மகள் அந்த நம்பரில் மூணு தடவை பேசினாள் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தங்கச்சாமிக்கு நினைப்பில் தைத்தது. அதற்கு மேல் ஜன்னலுக்கு வெளியே எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

கமிஷன் கடை முழுக்க வத்தல் மூடை. கடையும் வீடும் ஒன்று, முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, பின்னால் வீடு. அப்துல் ஹலீம் தொழுகைக்குப் போயிருந்தார். திரைக்குப் பக்கத்தில் நின்று அவருடைய மனைவி ஆசியா பீவிதான் பேசினார். தலையில் முக்காடு, அறுபது வயசு இருக்கும்.

“பிரஸ்ஸுலருந்து வாரீகளா? உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா? அவுக கோபமாத்தான் பேசியிருப்பாக, மனசுல வச்சுக்கிறாதீக. ரேட்டு கேக்குற போன்ல பிள்ளைக அழுதா அவுகளுக்குத் தாங்கல.”

“எத்தனை பிள்ளைக பேசுச்சும்மா?”

“ஒம்பது பத்து இருக்கும். எல்லாம் மத்தியானந்தான், பள்ளிக்கூடம் சோத்துக்கு விடுற நேரம். அவுக பள்ளிவாசலுக்குப் போயிருப்பாக, நாந்தான் எடுப்பேன். ‘இது வத்தக் கடை தாயி’ன்னு சொன்னா முக்கால்வாசிப் பிள்ளைக வச்சிரும். ஒரே ஒரு பிள்ளைதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. மூணு தடவை பேசுச்சு.”

தங்கச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

“முத தடவை நான் வாயத் தொறக்கும் முன்னாடியே, ‘அம்மா, எங்கிட்ட ஒரு ரூபாதான் இருக்கு, வெரசாச் சொல்லிர்றேன்’னு ஆரம்பிச்சுருச்சு. கணக்குல நூத்துக்கு நூறாம். கம்ப்யூட்டர் குடுக்க மாட்டேங்காகளாம். தன்னைவிடக் கம்மியா வாங்குன பயலுக்குக் குடுத்துட்டாகளாம். மூச்சு விடாமச் சொல்லி முடிக்கவும் கட்டாயிருச்சு. ரெண்டாந் தடவையும் இதே கதைதான். மூணாந் தடவை அழுதுச்சு. ‘அம்மா, எழுதிக்கிட்டீகளா?’ன்னு கேட்டுச்சு.” ஆசியா பீவி முக்காட்டை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு எழுதவே தெரியாதுங்க. எங்க அத்தா என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலை. அழுற பிள்ளைகிட்ட இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ‘எழுதிக்கிட்டேன் கண்ணு, பெரியவுககிட்டச் சொல்றேன்’னுட்டேன். அவுககிட்டச் சொன்னேன். வத்த யாவாரி இதுக்கு என்ன செய்வேன்னு கேட்டாக. நியாயந்தானே?”

“ஆமாம்மா.”

“சந்தேகம் தீராம நானும் ஒண்ணு கேட்டேன். ‘இந்த நம்பரு சரிதானான்னு நல்லாப் பாத்தியா தாயி’ன்னு. அதுக்கு அந்தப் பிள்ளை சொல்லுது, ‘எங்கப்பா புரூப் பாத்த நம்பரும்மா. எங்கப்பா பாத்தா ஒரு எழுத்துக்கூடத் தப்பாது’ன்னு.”

தங்கச்சாமி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“வத்த நெடி” என்றார் ஆசியா பீவி. “பழகாதவுகளுக்கு அப்படித்தான் கண்ணெரியும். கண்ணைக் கசக்காதீக.” செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் உட்காரவில்லை. பிறகு மெல்லிய குரலில், “அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைச்சிருச்சாங்க?” என்று கேட்டார்.

“கிடைச்சிருச்சும்மா” என்றார் தங்கச்சாமி.

“அல்லா காப்பாத்துனான்” என்று சொல்லிவிட்டு ஆசியா பீவி அப்போதுதான் உட்கார்ந்தார்.

*

அன்றைக்குச் சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். வத்தல் கடை, ஆசியா பீவி, எழுபத்துநாலு, நாற்பத்தேழு, பலவேசம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு நீளமாக அவர் வீட்டில் பேசியதே கிடையாது. மாரித்தாயின் கையில் கம்பி அப்படியே நின்றது.

பொன்னுத்தங்கம் அழுவாள் என்று காத்திருந்தார். ஏசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் விரலில் காய்ந்திருந்த பசையை நகத்தால் உரித்தாள்.

“அப்ப யாருமே எழுதிக்கலையாப்பா?”

“இல்லம்மா.”

“நான் ஒவ்வொரு வண்டியா எட்டிப் பாத்தேனே.”

மாரித்தாய் எழுந்து அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

“சரியான நம்பரு இருக்கா?” என்று கேட்டாள் மகள்.

மறுநாள் பத்து மணிக்கு இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் கடைக்குப் போனார்கள். தங்கச்சாமி கை நிறைய ஒரு ரூபாய்க் காசு மாற்றி வைத்திருந்தார். பிரதியில் இருந்த நம்பரை அவர் ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, அவள் அழுத்தினாள். ரிசீவரில் வந்த குரல் வெளியிலேயே கேட்டது. நிதானமான ஆம்பளைக் குரல்.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் பேர், தன் பேர், மார்க், ஹரிஷ்குமாரின் மார்க், டி.சி. கொடுத்த தேதி என்று வரிசையாகச் சொன்னாள்.

“இது பெரிய தப்பாச்சேம்மா” என்றது குரல். “பொம்பளப் பிள்ளைன்னு ஒரு குரூப்பை மறுக்க யாருக்கும் அதிகாரமே கிடையாது. போன மாசம் இன்னொரு பிள்ளை ஆபீசுக்கே நேர்ல வந்து எழுதிக் குடுத்துச்சு. மறுநாளே போயிச் சேத்துவிட்டு வந்தோம். நீயும் எழுத்துல குடு, கட்டாயம் விசாரிப்போம். ஆனா அட்மிஷன் பட்டியல் போன வாரத்தோட முடிஞ்சு மேல போயிருச்சே. இந்த வருஷம் இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இம்புட்டு நாள் ஏன் சொல்லலை?”

பொன்னுத்தங்கம் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

“எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் போஸ்டர் ஒட்டியிருக்கு. நீ பாக்கலையா?”

“பாத்தேன் சார்.”

“பெறகு?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். தங்கச்சாமி ரிசீவருக்குக் கையை நீட்டினார். அவள் தோளைத் திருப்பிக்கொண்டு, ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

“நான்தான் சார் நம்பரைத் தப்பாப் பாத்துட்டேன்.”

“கணக்குல நூறு வாங்குனேங்கிற. ஒரு போன் நம்பரைப் பாத்துப் போடத் தெரியலையா? நாங்க இங்க எதுக்கும்மா உக்காந்திருக்கோம்?”

“தப்புத்தான் சார்.”

பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்தியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிடும். இனிமேல் எதற்குப் பேச வேண்டும் என்று தங்கச்சாமிக்கும் தெரியவில்லை. ஆனால் இத்தனை நாள் கழித்து அந்தப் பக்கம் ஒருத்தர் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு காசை எடுத்துப் போட்டார்.

அந்த ஒரு ரூபாய்க்கு அவள் இன்னும் ஒரு நிமிஷம் ஏச்சு வாங்கினாள்.